நூறு ஃபிரேம்

போர்க்குழாயிலிருந்து ஒரு பூதம் வெளியே வர வேண்டும்,
மோட்டார் கம்பெனி கேட்டது அவ்வளவுதான்.
ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே தூங்குவது
சுவிட்சைப் போட்டதும் கொட்டாவி விட்டபடி
தண்ணீரோடு தண்ணீராக ஏறி வரும்.
முப்பது நொடி விளம்பரத்தில் அதற்கு நான்கு நொடி.
நூறு ஃபிரேம்.

கணபதியில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
தேங்காய் பன் வேகிற வாசனையில்
முதல் பூதத்தைச் செய்தேன்.
கம்பெனியின் கிருபாகரன் பார்த்துவிட்டு
பல்லு சாஸ்தியா இருக்குதுங்க என்றார்.
நான்கைப் பிடுங்கினேன்.
தொப்பை எங்க எம்.டி. மாதிரியே இருக்குதுங்க என்றார்.
கரைத்தேன்.
குழந்தைகளுக்குப் பிடிக்கோணும், ஆனா விவசாயி நம்போணும் என்றார்.
அதற்கு எந்தப் பொத்தான் என்று தெரியாமல்
டீ சொன்னேன்.
பின்குரலில் 'ஏழரை குதிரைத்திறன்' வருகிற இடத்தை மட்டும்
அவரே வெட்டினார்.
வீட்டுக்கு வீடு டிவியில் போய் ஏழரையா?

பூதம் சுலபம்.
தண்ணீர்தான் ஆளைக் கொல்லும்.
எட்டு மெஷின்கள் ராத்திரி முழுக்க உறுமினால்
விடியும்போது ஒரு வாளி தேறும்.
ஒரு நாள் கரண்ட் போய்
அந்த வாளியும் அந்தரத்தில் நின்றது,
அறுபத்தோராவது ஃபிரேமில், விழாமல்.

படம் பிடித்தது சுல்தான்பேட்டைப் பக்கம்.
மட்டை தொங்கிய தென்னைகள்
(அவற்றைப் பிறகு நான்தான் பச்சையாக்கினேன்,
மரத்துக்கு இருபது நிமிடம்).
விவசாயி சென்னையிலிருந்து வந்திருந்தார், மீசை ஒட்டியது.
பக்கத்தில் நிற்க ஒரு பெண் வேண்டுமென்று
தோட்டத்துக்காரம்மாவையே நிறுத்தினார்கள்.
பெயர் துளசிமணி.
ஐந்நூறு ரூபாயும் மதியச் சாப்பாடும்.

மூங்கில் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து,
ஒன்பதடி உயரத்தில்.
இதுதானுங்க பூதத்தோட கண்ணு, இதையே பாருங்க என்றோம்.
பூதம் எப்ப வருமுங்க என்று கேட்டார்.
பின்னால வருமுங்க.
போர் போட்டவங்களும் அப்படித்தான் சொன்னாங்க என்றார்.
சிரிக்கவில்லை.

நடிகர் பந்தைப் பார்க்கிறார்.
வியப்பு, திறந்த வாய், எல்லாம் சரியான அளவில்.
துளசிமணி பார்ப்பது பந்தை அல்ல.
முதல் ஆறு ஃபிரேம் சொன்னபடி மேலே.
ஏழாவதில் கண் இறங்குகிறது.
பதினொன்றிலிருந்து கடைசி வரை
குழாயின் வாயையே.
நாற்பதில் இடது கை சற்று முன்னே வருகிறது,
உள்ளங்கை மேலாக.
அதை யாரும் சொல்லித் தரவில்லை.
குழாய் காய்ந்து கிடந்தது.
என் தண்ணீர் அதற்குள் வர
இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பந்தை அழித்தேன், மூங்கிலை அழித்தேன்.
கருவிழியை வெட்டி மேலே ஒட்டிரு, அரை மணி நேர வேலை என்றான்
பக்கத்து நாற்காலி இளம்பரிதி.
வெட்டினேன், ஒட்டினேன்.
டென்னிஸ் பந்தைப் பார்க்கிற ஒரு பெண் ஆகிவிட்டார்.
பழையபடியே விட்டேன்.

பூதத்தின் முதுகில் பதினாலு எலும்பு வைத்திருந்தேன்,
நிமிர்ந்து நெஞ்சு விரிப்பதற்காக.
ஒவ்வொன்றாக வளைத்தேன்.
கழுத்தில் தோல் மடிந்து கிழிந்தது, தைத்தேன்.
விடிகாலை நாலு மணிக்கு
அவர் பார்க்கிற இடத்துக்கு
அதன் முகம் வந்து சேர்ந்தது,
நீட்டிய கைக்கு ஒரு சாண் மேலே.

பூதமே கஸ்டமரைக் கும்புடுது,
அருமைங்க என்றார் கிருபாகரன்.
அப்போதே கையெழுத்துப் போட்டார்.

நேற்று ராத்திரி பேக்கரி டிவியில் வந்தது,
இரண்டு சீரியலுக்கு நடுவே.
தென்னை பச்சை. தண்ணீர் தண்ணீராக இருந்தது.
பன் வாங்க வந்த பையன்
கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு,
அப்பா, அது என்னத்தத் தொலைச்சுதுங்கப்பா,
இப்படிக் குனிஞ்சு தேடுது என்றான்.
அப்பா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.